இடம் கிடைச்சா படம் கிடைச்சுது!

என் கேமராப் பைக்குள் கையைவிட்டால் முதலில் தட்டுப்படுவது ஷவர் கேப். லாட்ஜ் பாத்ரூமில் குட்டி சோப்போடு வைத்திருப்பார்களே, அந்த பிளாஸ்டிக் தொப்பியேதான். அதற்கடியில் ரப்பர் பேண்ட், கொத்தாக ஊக்கு, செலோ டேப், நைந்துபோன வேட்டித் துண்டு, தேன்மிட்டாய் பாக்கெட். இத்தனையும் தாண்டி ஓர் ஓரத்தில் கேமரா. "என்னண்ணே, இது போட்டோகிராபர் பையா, பொட்டிக்கடையா?" என்று புதிதாக வரும் அசிஸ்டென்ட் பையன்கள் சிரிப்பார்கள். சித்திரைத் திருவிழா முடிவதற்குள் அவர்கள் பையிலும் ஷவர் கேப் ஏறியிருக்கும்.

மதுரைதான் எனக்கு ஊர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். கூப்பிடாத இடத்துக்கும் போவேன், அதுதான் சொந்தப் படம். யாராவது என் படத்தைப் பார்த்து, "சூப்பர் சார், என்ன கேமரா?" என்று கேட்டால் கம்பெனி பேரைச் சொல்லிவிட்டு மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். "எங்கே நின்னு எடுத்தீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் தொழில் ரகசியம் மொத்தமும் வெளியே வந்துவிடும். கேமராவை மாதத் தவணையில்கூடக் கொடுக்கிறார்கள். நிற்கிற இடத்துக்குத் தவணை கிடையாது. பேசி, சிரித்து, கெஞ்சி, காத்துக்கிடந்து வாங்கணும். எப்படி வாங்குவதென்று காட்டுகிறேன், வாங்க. செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் போனால் திரும்பக் கிடைக்காது.

முதலில் அழகர். வேறு யாரை முதலில் சொல்ல முடியும், மதுரையில் இருந்துகொண்டு?

கள்ளழகர் வைகையில் இறங்குவது டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு விடிகாலைச் சமாச்சாரம். எங்களுக்கு முதல் நாளே கால் வீங்க ஆரம்பித்துவிடும். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் உத்தரவு வாங்கி, கொண்டை முடிந்து, கண்டாங்கிப் பட்டு உடுத்தி, கையில் நேரிக்கம்போடு கள்ளர் கோலத்தில் கிளம்புவார். மதுரை இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் வழியெல்லாம் மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்று, மாலை வாங்கி, தீபாராதனை பார்த்து, ஆடி அசைந்து வருவார். மூன்றுமாவடியில் எதிர்சேவை. அன்று ராத்திரி தல்லாகுளம் பெருமாள் கோயில். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலையைச் சூடிக்கொண்டு அங்கேதான் தங்கக் குதிரை ஏறுவார்.

அந்த ராத்திரி ஊருக்கே ஒரே கேள்வி. "என்ன பட்டு?" பெட்டிக்குள் கையைவிட்டு பட்டர் எந்த நிறத்தை எடுக்கிறாரோ அந்த நிறத்துக்கு அந்த வருஷத்துப் பலன். பச்சை வந்தால் நாடு செழிக்கும் என்பார்கள். சிவப்பு என்றால் முகம் சுளிப்பார்கள். துபாயிலிருந்து என் மச்சான் போன் போட்டுக் கேட்பான். எனக்கு வேறு கவலை. தல்லாகுளத்தில் கட்டியிருக்கிற மஞ்சள் ஹாலஜன் வெளிச்சத்தில் பச்சைப் பட்டு பழுத்த வேப்பிலை நிறத்துக்குப் போய்விடும். கேமராவில் வெள்ளையைச் சரியாக அளந்து வைக்காவிட்டால் மறுநாள் பேப்பரைப் பார்த்து ஊரே குழம்பும். "பச்சைன்னாய்ங்க, மஞ்சளால்ல இருக்கு?"

பட்டு தெரிந்ததும் ஓட்டம். அழகர் இறங்குகிற ஆழ்வார்புரத்துக்கு.

ஆற்றைப் பார்த்த மொட்டைமாடிகளின் ஜாதகமே எங்கள் கூட்டத்திடம் உண்டு. எந்த வீட்டில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்டி மறைத்துவிட்டார்கள், எந்த வீட்டு மாடிப்படி குறுகல், எந்த வீட்டு நாய் கேமரா ஸ்டாண்டைக் கண்டால் குரைக்கும், எல்லாம் அத்துப்படி. நான் ஏறுகிற மாடிக்குச் சாவி ஓர் அப்பத்தா இடுப்பில். போலீஸ் பாஸ், பிரஸ் கார்டு எதுவும் அங்கே செல்லாது. கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, ஒரே கேள்வி கேட்பார்: "போன வருசம் எம் பேத்திய எடுத்தியே, அந்தப் போட்டோ எங்கடா?" பைக்குள்ளிருந்து பிரிண்ட் வரும். சட்டம் போட்டுக் கொடுத்தால் கூடவே காபி. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன் அப்பத்தா என்று சொல்லிப் பாருங்கள், கதவு மூக்கில் இடிக்கும். அந்த மாடிக்கு வாடகை பிரிண்ட்தான்.

ராத்திரி மூன்று மணிக்கு மாடி நிரம்பிவிடும். சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள், பாய் விரித்துத் தூங்கும் குழந்தைகள், எங்கிருந்தோ வரும் புளியோதரை வாசனை. தொட்டிமேல் ஏறினால் நல்ல கோணம். ஆனால் "டேய், டேங்க் மூடி ஒடஞ்சா நீதான் கட்டணும்" என்று கீழேயிருந்து குரல் வரும். கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு முழம் இடம் பிடித்து, அதில் பையை வைத்து, பைமேல் உட்கார்ந்துவிடணும். எழுந்தால் போச்சு. ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் கலை இந்தத் தொழிலில் பாதி.

விடிய ஆரம்பிக்கும்போது கீழே பார்த்தால்! பொட்டு இடம் மண் தெரியாது. சர்க்கரை நிரப்பிய சொம்பில் விளக்கேற்றி ஏந்திக்கொண்டு பெண்கள், கள்ளழகர் வேஷம் கட்டிய குழந்தைகள் அப்பன் தோளில், ஆற்றில் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் கணுக்கால் அளவு. பின்னால் கிழக்கு வெளுக்கும், முன்னால் மின்விளக்கு மஞ்சளாகக் கொட்டும். இந்த இரண்டு வெளிச்சமும் சரிக்குச் சரியாக நிற்பது சில நிமிஷம்தான். அந்த நேரத்துக்குள் தங்கக் குதிரை வந்துவிட்டால் யோகம். "கோவிந்தா!" என்று ஒரு சத்தம் எழும்பும் பாருங்கள், ட்ரைபாட் அதிரும், சத்தியமாக அதிரும். அதற்குள் குதிரை தோள்களின் மேலே ஆடி ஆடி வரும். நல்ல படம் வேண்டுமென்றால் ஆட்டத்தோடு சண்டை போடக் கூடாது. இடது கோடியில் போய்த் திரும்பும்போதும் வலது கோடியில் போய்த் திரும்பும்போதும் ஒரு கணம் குதிரை நிற்கும். ஊஞ்சலுக்கும் அதே கணக்கு. அந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்தினால் அழகர் முகத்தில் கோடு விழாது.

கூட்டம் முழுக்க செல்போனைத் தூக்கிப் பிடிப்பதைப் பற்றி மூத்த போட்டோகிராபர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சலிப்பு இல்லை. செல்போன் திரை வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் அடிக்கும்போது அழுகிற கண் பளிச்சென்று தெரிகிறது. காசு கொடுத்தாலும் அப்படி லைட்டிங் செய்ய முடியாது.

சரி, ஷவர் கேப். அழகர் ஆற்றிலிருந்து ராமராயர் மண்டபத்துக்குப் போவார், தீர்த்தவாரி. ஆட்டுத்தோல் பையில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, தலையில் உருமாலும் உடம்பில் வண்ண வண்ண உடையுமாக நிற்கிற பக்தர்கள் அழகரின் உஷ்ணம் தணியப் பீய்ச்சுவார்கள். அழகர்மேல்தான் பீய்ச்சணும். ஆனால் கேமராவைக் கண்டால் ஏனோ கை தானாகத் திரும்பிவிடும்! லென்ஸ் முனை மட்டும் வெளியே தெரிய ஷவர் கேப்பை மாட்டி, ரப்பர் பேண்டைச் சுற்றி, உள்ளே இறங்கணும். இதற்கென்றே வெளிநாட்டுக் கம்பெனிகள் உறை விற்கின்றன, ஆயிரக்கணக்கில் விலை. லாட்ஜ் தொப்பி இலவசம். இடையில் சிலர் பிரஷர் பம்பெல்லாம் கொண்டுவந்து அடிக்க ஆரம்பித்து, பாரம்பரியத் தோல்பையால்தான் பீய்ச்சணும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லவேண்டி வந்தது. நீதிமன்ற உத்தரவுக்காக நான் மனசாரக் கைதட்டிய சந்தர்ப்பம் அது.

இதே மதுரையை 1858-இல் ஒருவர் படம் எடுத்திருக்கிறார். லின்னேயஸ் ட்ரைப். கம்பெனி ராணுவத்து ஆள், சென்னை மாகாணத்தின் அரசுப் போட்டோகிராபர். மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் அவர் படங்களில் இருக்கின்றன. பார்த்தால் திக்கென்றிருக்கும், ஊரில் ஆளே இல்லை. அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் உருவம் பதிய நெடுநேரம் பிடிக்கும், நடமாடுகிறவன் பதியவே மாட்டான். ஆளில்லாத சித்திரையை என் தலைமுறையும் பார்த்துவிட்டது. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் அழகர் மதுரைக்கே வரவில்லை. 2022-இல் மறுபடி ஆற்றில் கால் வைக்க இடமில்லாமல் நசுங்கியபோது பக்கத்தில் நின்ற வீடியோக்காரர், "அப்பாடா, மூச்சு முட்டுதுடா மாப்ள" என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

இப்போது கல்யாண மண்டபம். சோறு போடுகிற தொழில் இதுதான், அதைச் சொல்ல வெட்கம் எதற்கு? ஊக்கு இங்கேதான் வேலை செய்யும். முகூர்த்தத்துக்கு முன்னால் மணப்பெண் அறைக் கதவு சாத்தியே இருக்கும். நல்ல படமெல்லாம் உள்ளேதான் நடந்துகொண்டிருக்கும். அத்தை பூ வைப்பதும், தங்கச்சி கண்ணைத் துடைப்பதும், அம்மா எதையோ தேடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வதும். கதவைத் தட்டினால், "அப்புறம் வாங்க தம்பி." ஆனால் எந்தக் கல்யாணத்திலும் ஒரு சித்தி தலையை மட்டும் வெளியே நீட்டி, "யார்ட்டயாச்சும் ஊக்கு இருக்கா?" என்று கேட்காமல் இருக்கமாட்டார். "இருக்குக்கா!" அவ்வளவுதான், கேமராவும் ஊக்கும் சேர்ந்தே உள்ளே போய்விடும்.

அப்புறம் அந்தக் கெட்டிமேளம். வீடியோக்காரர், ட்ரோன்காரர், செல்போன் மாமாக்கள் எல்லோரும் மாப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் தவில்காரரின் தோளைப் பார்ப்பேன். ஐயர் விரலை அசைத்ததும் தவில்காரர் தோள் ஒரு விரற்கடை ஏறும், அடுத்த நொடி அடி விழும், அட்சதை பறக்கும். தோள் ஏறும்போதே அழுத்த ஆரம்பித்தால் தாலி கழுத்தில் படுவதும் பறக்கிற அரிசியும் ஒரே படத்தில். அதனால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதல் வணக்கம் மேளக்காரர்களுக்குத்தான். அவர்கள் உட்காரும் ஜமுக்காளத்தின் ஓரம் எனக்கு ஒரு சாண் ஒதுங்கிக் கொடுப்பார்கள். மணவறைக்கு அதைவிட நல்ல கோணம் மண்டபத்திலேயே கிடையாது.

கல்யாணத்தில் இப்போது புது வில்லன் எல்.இ.டி. திரை. மணவறைக்குப் பின்னால் அருவி கொட்டும், மயில் ஆடும், பொண்ணு மாப்பிள்ளை பெயர் சுழன்று சுழன்று வரும். கண்ணுக்கு அழகு. சத்தம் வராத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படம் முழுக்க வரி வரியாகக் கோடு. அந்த விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. கேமராவோ படத்தை மேலிருந்து கீழே வரிசை வரிசையாகப் படிக்கிறது. இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஆகவே மந்திரத்துக்கு நடுவே டப் டப்பென்று பழைய ஷட்டர் சத்தத்தோடுதான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஐயர் முறைப்பார், முறைக்கட்டும்.

காதுகுத்தில் அழுகிற குழந்தையை எடுப்பது சுலபம். ஃப்ளெக்ஸுக்குத் தாய்மாமனை எடுப்பதுதான் பெரும்பாடு. மதுரை ஃப்ளெக்ஸில் சில ஆசனங்கள் உண்டு. கும்பிட்ட கை, கூலிங் கிளாஸ், நடந்து வருகிற நடை, எல்லாவற்றுக்கும் மேலே காதில் செல்போன்.

"தம்பி, முக்கியமான ஆள்கூட பேசுற மாதிரி இருக்கணும்."

"யார்கூட மாமா?"

"மந்திரிகூடன்னு வெச்சுக்கயேன்."

சரியென்று ஃபோகஸ் செய்தால் அந்த நேரம் பார்த்து நிஜமாகவே போன் அடிக்கும். "ஏய், பந்தில தண்ணி வைக்கலயாம், இங்கிட்டு வாங்க!" என்று அத்தை குரல் ஸ்பீக்கரில் வரும். மாமா முகம் மாறும் பாருங்கள். நான் அழுத்தியது அந்தப் படத்தைத்தான். ஃப்ளெக்ஸில் ஏறியது வேறு, வீட்டில் எல்லோரும் கேட்டு வாங்கியது இது. பந்தி என்றதும் ஞாபகம் வருகிறது, போட்டோகிராபருக்குக் கடைசிப் பந்தி. பாயசம் இருக்காது. அப்பளம் உடைந்ததுதான் கிடைக்கும்.

ஜல்லிக்கட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாடிவாசல் படம் எனக்கு அலுத்துவிட்டது. பொங்கலோடு அவனியாபுரம், மாட்டுப்பொங்கலுக்குப் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் பெரிய அரங்கமே கட்டித் திறந்துவிட்டார்கள். கேலரியில் வரிசையாக நின்று எல்லோரும் ஒரே நொடியில் ஒரே காளையை எடுத்தால் எல்லோர் படமும் ஒன்றாகத்தானே இருக்கும்? நான் முதல் நாள் ராத்திரியே போய்விடுவேன். டோக்கனோடு காளைகள் வரிசையில் நிற்கும், பக்கத்திலேயே பாய் போட்டு வளர்த்தவர்கள். காளையின் மூச்சு பனியில் புகையாக வரும். ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்தால் காளையின் பரம்பரைக் கதை மொத்தமும் கிடைக்கும். மறுநாள் களத்துக்குப் பின்புறம், ஓடிவந்த காளைகளைக் கயிறு போட்டுப் பிடிக்கிற இடத்துக்குப் போய்விடணும். களத்தில் ஆளைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த காளை, ஸ்கூல் பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டதும் கழுத்தை நீட்டிக் கயிறு வாங்கிக்கொள்ளும். கயிறோடு நிற்கிற அந்தப் பிள்ளையின் முகத்துக்காகத்தான் போகிறேன்.

இப்போது குலசை! இதற்காகத்தான் இவ்வளவு அவசரமாக உங்களைக் கூட்டிவந்தேன்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம், முத்தாரம்மன் கோயில் தசரா. விரதமிருந்து மாலை போட்டு, நேர்ந்துகொண்ட வேஷத்தைக் கட்டி, ஊர் ஊராகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வந்து அம்மன் உண்டியலில் சேர்ப்பது வழக்கம். காளி, ராஜா, ராணி, குறவன், குறத்தி, கரடி, குரங்கு, எமன், போலீஸ், நர்ஸ், பிச்சைக்காரர். திருச்செந்தூர்ச் சாலையில் பஸ்ஸில் போகும்போதே திருவிழா ஜன்னலில் ஆரம்பித்துவிடும். பெட்ரோல் பங்கில் எமன் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் வரிசையில் நிற்பார், பாசக்கயிறு ஹேண்டில்பாரில் தொங்கும். வேஷப் போலீஸ் கைகாட்டி லாரியை நிறுத்த, நிஜப் போலீஸ் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருப்பார். டீக்கடை பெஞ்சில் குரங்கு ஒன்று வாலை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கும். ஐயோ, எதை எடுப்பது, எதை விடுவது! அசிஸ்டென்ட் பையன் முதல் மணி நேரத்திலேயே மெமரி கார்டை நிரப்பிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான்.

ஆனால் குலசையின் பொக்கிஷம் ரோட்டில் இல்லை, தசராக் குழுக்கள் வேஷம் கட்டுகிற கொட்டகைக்குள் இருக்கிறது. உள்ளே விடமாட்டார்கள். காளி வேஷம் என்றால் விரதம் கடுமை. மீன்பிடிக்கப் போகிறவராக, கொத்தனாராக, பேங்க் குமாஸ்தாவாக இருப்பவர் அன்றைக்கு அம்மன். கண்ட கண்டவன் கேமராவோடு நுழைய அது நாடக மேடை இல்லை. அங்கேதான் வேட்டித் துண்டு. அக்டோபர் புழுக்கம், கடற்கரை ஈரம், தலையில் கிரீடமும் முடிக்கற்றையும், முதுகில் மரக் கைகள். முகத்தில் பூசிய சாயம் காய்வதற்குள் வியர்வை துளிர்க்கும். துண்டால் துடைத்தால் சாயம் வந்துவிடும், ஒத்தித்தான் எடுக்கணும். அதற்குத் துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டிதான் தோது. புது டவல் வேலைக்காகாது. ஒருமுறை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, வேஷம் கட்டுகிற பெரியவர் கையை நீட்டி, "ஏ தம்பி, அந்தத் துணியக் குடு" என்றார். கொடுத்தேன். "நீயே ஒத்து. பைய, பைய." அன்றிலிருந்து அந்தக் குழுவில் நான் வியர்வை ஒத்துகிறவன். கேமரா இரண்டாம்பட்சம்.

பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அந்த வேலையின் நுணுக்கம் புரியும். பட்டையடித்த முகத்தில் முதலில் புருவம். அப்புறம் கோரைப்பல்லுக்கு உதட்டோரம் வெள்ளைக் கோடு. கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். அதுவரை அவர் வீட்டுக் கதை பேசுவார், மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததைச் சொல்வார், போனில் லைட் பில் கட்டச் சொல்லுவார். கண் எழுதி முடித்து, கண்ணாடியில் ஒருமுறை பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். கொட்டகையே எழுந்து நிற்கும். வேஷம் கட்டிவிட்ட பெரியவரே காலைத் தொட்டுக் கும்பிடுவார். கண் எழுதி முடிக்கும்வரை நான் கேமராவைத் தொடுவதில்லை, யாரும் சொல்லவில்லை, நானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதற்கப்புறம் எடுக்கிற முதல் படத்துக்கு வருஷம் முழுக்கக் காத்திருக்கலாம். வேன் கிளம்பும்போது காளிக்கு இளநீரை ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. உதட்டுச் சிவப்பு கலையாமல் குடிக்கணுமே!

பத்தாம் நாள் நள்ளிரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். யானைத் தலை, சிங்கத் தலை, சேவல் தலை என்று மகிஷாசுரன் மாறி மாறி வருவான். தள்ளுமுள்ளைவிடப் பெரிய எதிரி உப்புக்காற்று, லென்ஸில் படிந்தால் விளக்கெல்லாம் மங்கிப் பூத்துவிடும். மறுபடியும் வேட்டித் துண்டு. 2024 பிப்ரவரியில் இதே குலசையில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். காளி வேஷம் கட்டியவர் கடற்கரையில் நின்று ராக்கெட் போவதை அண்ணாந்து பார்க்கிற படம் என் கனவில் வந்துவிட்டது. இப்போதே இடம் பார்த்து வைத்திருக்கிறேன், எங்கே என்று சொல்லமாட்டேன்.

குதூகலத்தைக் கொஞ்சம் ஓரமாக வைக்கவேண்டிய ஊரும் உண்டு. கூவாகம். அழகர் ஆற்றில் இறங்கும் அதே சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கூத்தாண்டவர் திருவிழா. கூத்தாண்டவரான அரவானுக்காகத் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளும் ராத்திரி கும்மியும் சிரிப்புமாக இருக்கும். மறுநாள் அரவான் பலியானதும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி அழுவார்கள். அழுகிற முகத்துக்கு ஓரடி தூரத்தில் லென்ஸை நீட்டிக்கொண்டு நிற்கும் கூட்டத்தை அங்கே பார்த்திருக்கிறேன். வளையல் துண்டு காலில் குத்துவதுகூடத் தெரியாமல் முண்டுகிறார்கள். எந்தத் துக்க வீட்டில் இப்படிச் செய்வார்கள்? நான் முதல் நாள் சாயங்காலம் வளையல் கடைத் தெருவில் எடுப்பேன். கேட்டு எடுப்பேன், "இப்ப வேணாம்ப்பா" என்றால் கேமராவை இறக்கிவிடுவேன். மறுநாள் காலை தாலியறுக்கிற படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

சொந்தப் படம் என்றேனே, அது இதுதான். சின்ன ஊர்களில் மிச்சமிருக்கிற பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போகிறேன். உசிலம்பட்டி, தேனி, காரைக்குடி, விருதுநகர் என்று எங்கே வேலை வந்தாலும் அரை நாள் முன்னதாகவே இறங்கிவிடுவேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடிப்படி, கண்ணாடிப் பெட்டியில் வெயிலில் வெளுத்த கல்யாணப் படம், உள்ளே சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்த கண்ணாடி. அப்புறம் திரை! கையால் வரைந்த பெரிய துணித் திரை. தாஜ்மகால், ஊட்டிப் பூங்கா, எங்கேயும் போய்ச்சேராத படிக்கட்டு, முழு நிலா. ஒரு காலத்தில் பெண் பார்க்க அனுப்பும் ஆளுயரப் படம், பள்ளிக்கூடம் முடித்த படம், சபரிமலைக்கு மாலை போட்ட படம், எல்லாம் இந்தத் திரைக்கு முன்னால்தான். பென்சிலைக் கூராகச் சீவி, நெகட்டிவில் அம்மைத் தழும்பை மறைத்த கைகள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. இறந்தவர் படத்தில் மூடிய கண்ணைத் திறந்ததாகத் தீட்டிக் கொடுத்த கலைஞர்களும் உண்டு.

அந்தத் திரையைச் சுருளிலிருந்து விரிக்கச் சொல்லி, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து எடுக்கிறேன். பஸ் கண்டக்டர், ஸ்விக்கி பையன், பூக்கார அம்மா. "சிரிக்கணுமா, வேணாமா?" என்று கேட்பார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி வேண்டாம் என்பேன். இரண்டு நொடிதான் தாங்கும், அப்புறம் குபீரென்று சிரித்துவிடுவார்கள். இரண்டையும் எடுத்துக்கொள்வேன். தேன்மிட்டாய் தீர்வது இங்கேதான். தெருப் பிள்ளைகள் மொத்தமும் தாஜ்மகால் முன்னால் வரிசை கட்டும்.

திரையெல்லாம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. கடையை மூடினால் அது லாரித் தார்ப்பாய்க்கு அடியில் விரிப்பாகிவிடுகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் ஊரில் அப்படியொரு ஸ்டுடியோ மூடப்போகிறது என்றாலோ, பரணில் கரையான் பிடித்த ஆல்பம் இருந்தாலோ, தூக்கிப் போடுவதற்கு முன்னால் தெரிந்த போட்டோகிராபர் யாருக்காவது ஒரு போன் போடுங்கள். ஏணி எடுத்துக்கொண்டு அவரே ஓடி வருவார், கூலிகூடக் கேட்கமாட்டார்.